எழுந்து நின்ற சாலை

செவ்வாய்க்கிழமை இதன்மேல்தான் போனோம்,
நானும் ரெனாட்டஸும்.
பனிவண்டிக்குப் பின்னால் கட்டிய சறுக்குப்பலகையில்
போர்வை சுற்றிய துணி துவைக்கும் இயந்திரம்,
அக்கரையில் சிப்போரா ஆகஸ்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

இன்று வெள்ளி.
அந்தச் சாலை எழுந்து நிற்கிறது.

இரண்டு ஆள் உயரம்.
எங்கள் வண்டித் தடம் அதில் நேராக மேலேறி
வானத்தில் முடிகிறது.
வழி தெரிய நான் நட்ட ஊசியிலைக் கிளை
படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது,
சுவரில் அடித்த ஆணி மாதிரி.
ரெனாட்டஸ் தொப்பியைக் கழற்றி
அதில் மாட்டிப் பார்த்தார்.
நின்றது.

மூன்று நாள் வடகிழக்குக் காற்று என்பார்கள்.
காற்று தனியாக இதைச் செய்யாது.
நாளுக்கு இருமுறை கடல்
பனிப்பாளத்துக்கு அடியில் தோள் கொடுத்துத் தூக்கும்,
பிறகு மெல்ல இறக்கும்.
நடுக்குடா ஏறும். பாறையைப் பிடித்த விளிம்பு ஏறாது.
அந்த மடிப்பில் ஒரு விரிசல்
எண்ணெய் போடாத கீல் போல
குளிர்காலம் முழுக்க முனகும்.
அதைத் தாண்டித்தான் விறகுக்குப் போகிறோம்,
வழக்கில் இருக்கும் உறவினர் வீட்டைத் தாண்டுவதுபோல,
பேச்சை நிறுத்திக்கொண்டு.

அமாவாசை ஓதம் அதை அகலத் திறந்த நேரம்
காற்று உள்ளே கை விட்டுவிட்டது.

புதன் இரவு கேட்டது:
மாடியில் யாரோ பீரோ நகர்த்துகிற சத்தம்.
எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.

பாளத்தின்மேல் பாளம், அதன்மேல் பாளம்.
நாலு சாண் கனத்தில் உடைந்த பக்கம் நீலம்.
கவிழ்ந்து கிடப்பவற்றின் அடிவயிறு பழுப்பு, பாசி,
வாய் மூட மறந்த ஒரு மட்டி.
லாப்ரடாரில் பிறந்து ஐம்பத்திரண்டு வருடம்;
கடலின் இந்தப் பக்கத்தை
இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

ரெனாட்டஸ் நாலுகாலில் ஏறினார்.
"அந்தப் பக்கம்?"
"சமமா இருக்கு," என்றார்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ரேடியோவில் சிப்போரா:
இயந்திரம் வந்தது, அதன் குழாய் எங்கே?
என் சட்டைப் பையில்.
செவ்வாயிலிருந்து.

வற்றம் வரும்வரை காத்திருந்து
தெற்கே ஒரு தாழ்ந்த இடத்தில் கோடாலியால் வாசல் வெட்டினோம்.
புதுக் கிளைகள் நட்டேன், பதினேழு.
குழாயைக் கொடுத்தோம், தேநீர் குடித்தோம்,
இயந்திரம் ஒருமுறை நடுங்கி ஓடியதைப் பார்த்தோம்.

திரும்பி வரும்போது ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.
தூரத்தில் எங்கள் பழைய சாலை
ஒரு முழம் உயர்ந்திருந்தது,
தொப்பியோடு.