நோயின் பெயர்: ______

ஞாயிறு. கிளினிக் மூடியிருக்கிறது.
மேல்மாடியில் ஆறு பேர்
இன்னும் வராத ஒரு காய்ச்சலுக்குக்
கூட்டம் போட்டிருக்கிறோம்.

பாரத்தின் முதல் வரியில் நோயின் பெயர்,
அதற்கெதிரே வெறும் கோடு.
வரும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர் சுரைனி.
போன தடவை அனுமதி கேட்ட தாள்
பதினோரு வாரம் மேசையில் கிடந்தது.
அதற்குள் காய்ச்சல் தானே அடங்கிவிட்டது,
இரண்டாம் டிவிஷனில் நாலு பேரோடு.
எந்த மருந்து கேட்டது என்று
இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

பஸ் நிலையத்தை ஒட்டி
போட்டோஸ்டேட் கடை வைத்திருப்பவள் நான்.
குழுவில் என் பெயருக்கு நேரே
'பொதுமக்கள் பிரதிநிதி'.
பொதுமக்களைக் கேட்டார்களா, தெரியாது.

இன்று ஒத்திகை.
மூன்று நாளை மூன்று மணி நேரமாகச் சுருக்கி
கடிகாரத்தை நடுவில் வைத்தாயிற்று.
புது மருந்து, நூறு பேர், செம்பனைத் தோட்டம்,
லோ சியூ பெங் படித்துக்கொண்டே போகிறார்,
பேனாக்கள் சரி, சரி என்று கோடு இழுக்கின்றன.
நான்காம் பக்கத்தில் எனக்குக் கால் இடறுகிறது.

'சுயவிருப்பத்தின் பேரில்.'
தமிழில் எழுதிக் கொடுத்தவளே நான்தான்.
பிழை ஒன்றும் இல்லை.
ஆனால் கையெழுத்து வாங்கும் இடம்: காலைப் பெரட்டு.
ஐந்தரை மணி இருட்டில், வரிசையில்.
பெரட்டில் நின்றுகொண்டு
'மாட்டேன்' என்று ஒருவர் சொல்லி
நான் கேட்டதில்லை.

தில்குமார் ராயின் பாஸ்போர்ட்டுக்கு
நகல் எடுத்துக் கொடுத்தவள் நான்.
அசல் ஆபீஸ் அலமாரியில்,
சாவி மேனேஜர் இடுப்பில்.
அவர் பக்கத்தில் நிற்கும்போது
அந்தப் பெருவிரல் மை
எதற்குச் சம்மதிக்கும்?

கேட்டேன்.
"இதைப் பேசிக்கொண்டிருந்தால் ஆள் செத்துப்போவான்"
என்றார் தேவசகாயம்.
அவரை மறுக்க வாய் வரவில்லை.
அந்த நாலு பேரில் ஒருத்தி அவர் தங்கை.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

பிறகு அவரே பேனாவைத் திறந்தார்.
பெரட்டில் கேட்பதில்லை.
மேனேஜர், மண்டோர் அருகில் இருப்பதில்லை.
நேப்பாளி பேசத் தெரிந்த ஒருவரின் போன் நம்பர்,
இப்போதே, காய்ச்சல் வருமுன்.
எடுத்த ரத்தம் எங்கே போகிறது,
முடிவை யார் திரும்பி வந்து சொல்வது.
'மறுத்தவனுக்கும் அதே கட்டில், அதே கவனிப்பு'
என்ற வரியை அவர் இரண்டு முறை எழுதி
ஒன்றை அடித்தார்.

கணக்குப்படி நாற்பது நிமிடம் தாமதம்.
ஒத்திகையில் தோற்றுவிட்டோம்.
நாற்பது நிமிடத்துக்கு எத்தனை உயிர் என்று
யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.
அடுத்த மாதம் மறுபடி,
கடிகாரத்தோடு.

கடையைத் திறந்து ஐம்பது பிரதி போடுகிறேன்.
கண்ணாடி சூடேறுகிறது.
ஒரு பையன் ஐ.சி. நகலுக்குக் காத்திருக்கிறான்.
ஒவ்வொரு தாளிலும் எழுத்து நேராக விழ,
அந்தக் காலிக் கோட்டின் மேல் மட்டும்
சின்னதாய் ஒரு கறை.
எடுத்துத் துடைத்துவிட்டு
மறுபடி வைக்கிறேன்.