மணிக்கொரு ரீடிங்

பணகுடித் துணைமின்நிலையத்தில்
ராத்திரி பத்து மணிக்கு ரெஜிஸ்டரைத் திறப்பேன்.
வோல்ட் எழுத வேண்டும், ஆம்ஸ் எழுத வேண்டும்,
டிரான்ஸ்பார்மர் எண்ணெயின் சூடு எழுத வேண்டும்.
பதினொன்றுக்கும் அதேதான். பன்னிரண்டுக்கும் அதேதான்.
ஒன்றுமே மாறாவிட்டாலும்
மாறவில்லை என்று எழுதத்தான் சம்பளம்.

பத்தொன்பது வருசம் இதைச் செய்தவனுக்குத்
தினம் ஒரு படம் போட வணங்கவில்லை.
வாங்கிய நோட்டுகள் நான்கு.
நான்கிலும் முதல் பக்கத்தில் ஒரு செம்பருத்தி,
அதோடு சரி.

சித்திரையில் ஒருநாள்
பீடர் எல்லாம் அடங்கிக் கிடந்த நேரம்
பழைய காலண்டரின் முதுகைக் கிழித்து
முப்பத்தொரு துண்டாக்கினேன். துண்டுக்கு ஒரு சொல்:
பூட்டு. மண்ணெண்ணெய்க் கேன்.
மழைக்கோட்டு தொங்கும் ஆணி.
ப்யூஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கி
என்ன எழுதினேன் என்பதை மறக்க
எனக்கு ஒரு வாரம் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணி ரீடிங் முடிந்ததும் ஒன்று எடுப்பது.
ஒரு மணி ரீடிங்குக்குள் முடித்துவிடுவது.
ரப்பர் கிடையாது.
ரெஜிஸ்டரில் அழித்து எழுதினால் மெமோ வரும்,
நோட்டுக்கும் அதே சட்டம்.

முதல் ராத்திரி பூட்டு.
இத்தனை வருசமாய்த் திறந்து மூடிய பூட்டுக்குச்
சாவித்துளை நடுவில் இல்லை,
நூலளவு இடப்பக்கம்.

நாலாம் ராத்திரி 'குதிரை'.
எந்தக் கிறுக்கில் எழுதினேனோ.
நடுச்சாமத்தில் பணகுடியில் குதிரைக்கு எங்கே போவேன்?
முட்டி எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரியாமல்
புல்லை வளர்த்துக் காலை மறைத்தேன்.
நல்ல மேய்ச்சல் அந்தப் பக்கத்தில்.

ஒன்பதாம் ராத்திரி 'சத்தம்'.
டிரான்ஸ்பார்மரின் உறுமலை எப்படிப் போட?
பென்சிலைத் தாளில் ஊன்றிக் கையைத் தளரவிட்டேன்.
மேசையின் நடுக்கம் தன் கோட்டைத் தானே இழுத்துக்கொண்டது.
நோட்டிலேயே நல்ல படம் அதுதான்,
நான் போடாதது.

பன்னிரண்டும் பதின்மூன்றும் இல்லை.
வைகாசிக் காற்று ஒரு பனையைக் கொண்டுபோய்
வள்ளியூர் பீடர் மேல் சாய்த்துவிட்டது.
விடிய விடிய போன். ஏச்சு.
அந்த இரண்டு பக்கத்திலும்
'சப்ளை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கடைசித் துண்டும் தீர்ந்த அன்று
தூசு தட்ட டப்பாவைக் கவிழ்த்தேன்.
இன்னும் ஒன்று விழுந்தது.
பீடிக்கட்டுத் தாளின் வெள்ளைப் பக்கம், ஒழுகும் பேனா,
எழுத்து என்னுடையது இல்லை:
'போஸ்டு உச்சில நின்னு பாத்தா உங்க ஆபீசு.'

சுயம்பு. லைன்மேன்.
காலையில் பல் குத்திக்கொண்டே வந்தான்.
"நோட்டப் பாத்தேன் சார். குதிரைக்கிப் புல்லு சாஸ்தி."
"நான் போஸ்டே ஏறினதில்லையே டே, எப்படிப் போட?"
"நான் சொல்லுதேன், நீங்க போடுங்க."

மாடியில தண்ணித்தொட்டி மூடி ஒடஞ்சி கெடக்கு,
உள்ள ஒரு பந்து மெதக்கு.
மகேந்திரகிரி, கீழ நின்னு பாக்குத அளவுக்குப் பெரிசு இல்ல.
காத்தாடி றெக்க நம்ம மூஞ்சிக்கு வாராப்ல இருக்கும், வராது.
ஜன்னல்ல ஒரு தல. குனிஞ்ச தல.
உச்சியில ஒரு ரூவாத் துட்டு அளவுக்கு முடியில்ல.

"அது யாரு டே?"

அவன் பல்குச்சியை மறுபக்கம் மாற்றிக்கொண்டான்.

அன்று ராத்திரி தொட்டியைப் போட்டேன், பந்தைப் போட்டேன்.
மலை பெரிசாகிவிட்டது, ரப்பர் இல்லை,
சுயம்பு பார்த்தால் சங்கடப்படுவான்.
மணி ஒன்று. எண்ணெய் ஐம்பத்தெட்டு டிகிரி,
எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
நடுவில் ஒரு வட்டம், தாள் தாளாகவே இருக்க விட்டு,
சுற்றிலும் ஒவ்வொரு முடியாகப்
போட ஆரம்பித்தேன்.