நாலு கதிரை

மாங்குளம் கூட்டுறவு மண்டப மேடையில்
நாலு இரும்புக் கதிரை போட்டிருந்தார் குணநாயகம்.
மற்ற ஆக்கள் எங்க, என்றார்.

நான் மட்டும்தான்.

மிருதங்கம்?
இல்லை.
ஒரு சுருதிப்பெட்டியாவது?
தனி வயோலாவுக்கு எழுதின சொனாட்டா, ஐயா.
துணை வைக்கக்கூடாது.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.
வயலின் கொஞ்சம் ஊதிப்போய்க் கிடக்குது, என்றார்.
ஒன்றில் நான் இருந்தேன்.
மிச்சம் மூன்றையும் அவர் தூக்கவில்லை.

ஆவணி வெக்கை.
காலையில் பிருடை திருகி நிறுத்திய அடித் தந்தி
மத்தியானத்துக்குள் கால் சுரம் இறங்கிவிட்டது.
எழுதியவள் கேட்டிருந்ததும் அதுதான்:
இரண்டாம் பகுதிக்கு முன் அடித் தந்தியைக் கால் சுரம் தளர்த்துக.
எனக்கு முன்னமே வெயில்
தாளைப் படித்திருக்கிறது.

மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
முப்பத்தொரு பேர்.
தபாற்கந்தோர் புனிதமலர்,
மடியில் கத்தரிக்காய்ப் பையோடு ஒதுங்கிய இருவர்,
கணித ரியூசன் முடிந்த பெடியள்,
எல்லாரும் நிகழ்ச்சி நிரலை விசிறியாக்கினார்கள்.
அந்தக் காற்று என் பக்கம் வரவில்லை.

உச்சிக்கும் போகாத, அடிக்கும் போகாத குரல் இது.
வாத்தியக் கூட்டத்தின் நடுவில் இருந்து
பிறருக்கு வழி விட்டே பழகியது.
தனியே நிறுத்தினால் முதலில் இருமும்.
பிறகு ஒரு தந்தியில் கேள்வி,
அடுத்ததில் பாதிப் பதில்.
மீதியைக் காதுதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் பகுதியில் ஏழு மாத்திரை ஓய்வு.
ஒன்று, இரண்டு,
ஏ-ஒன்பதில் மணல் டிப்பர்,
ஆறுவரை யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன,
ஏழில் நுழைந்தேன்,
முந்தியோ பிந்தியோ.

அடித் தந்தியை முழு வில்லில் இழுத்தபோது
பக்கத்துக் கதிரை
கழன்ற ஆணி ஒன்றால்
கூடவே முனகியது.
ஒரு பெடியன் சிரித்தான்.
அந்தச் சுரம் இன்னும் பதினொரு தரம் வரும்,
எனக்குத் தெரியும், கதிரைக்குத் தெரியாது,
ஆனாலும் பதினொரு தரமும் வந்தது.
நாலாம் தரத்துக்குப் பிறகு
விசிறிகள் நின்றிருந்தன.

முடிய, குணநாயகம் திருகாணிச் சாவியோடு ஏறி வந்தார்.
என்ர பிழை, பிள்ளை. இறுக்கியிருக்கவேணும்.
கதிரையைக் கவிழ்த்து
ஆணியில் சாவியைப் பொருத்தினார்.
திருப்பவில்லை.

மற்ற ரெண்டும் ஏன்
ஒண்டும் சொல்லேல்லை, என்றார்.