வெட்க நரம்பு

மூல நட்சத்திரம் என்று
ஒன்பது ஜாதகங்கள் திரும்பி வந்தன எனக்கு.
பெண் மூலம் நிர்மூலம்.
நாற்பத்தாறு வயதில்
வினிபெக் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில்
மறுபடி வந்து சேர்ந்தது அதே சொல்,
இம்முறை இரத்தத்தோடு.

முழு மயக்கம் என்றால்
வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் வந்து
கையெழுத்துப் போட வேண்டும்.
யாரிடம் போய்ச் சொல்ல,
எந்த இடம் என்று?
நரம்பை மட்டும் உறங்க வைக்கலாம்,
விழித்திருப்பீர்கள்,
தனியாகவே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.
அந்தத் 'தனியாக'வுக்குத்தான் தலையாட்டினேன்.

குப்புறப் படுக்கை. இடுப்பில் மடங்கிய மேசை.
இருபுறமும் பிளாஸ்திரி ஒட்டி இழுத்து
கட்டிவிட்டு, நர்ஸ் மரிவிக்
என் முகத்தருகே முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று என்றாள்,
இங்கே வேறெதுவும் நடக்காதது போல.

டாக்டர் வாசிலுக் விரலால்
உட்காரும் எலும்பைத் தேடினார்.
ஊசி. இன்னும் உள்ளே.
ஏதோ ஒரு தசை சுண்டித் துடித்தது,
நான் துடிக்கவில்லை.
பிறகு மறுபக்கம்.

இந்த நரம்புக்கு என்ன பெயர்,
தலையணைக்குள்ளிருந்து கேட்டேன், சும்மா பேச்சுக்கு.
வெட்கப்பட வேண்டியது என்று
லத்தீனில் அர்த்தமாம்.
பழைய ஆட்கள் வைத்தது என்றார்,
தானே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பவர் மாதிரி.

பத்து நிமிடத்தில் அது மரத்தது.
கத்தரி கேட்டது. கருகல் வாடை வந்தது.
என்னுடையதுதான் என்று தெரிந்தும்
உடம்பு அதை வாங்கிக்கொள்ள மறுத்தது.

இரண்டரை மணிக்கு நிறுத்தத்தில் நின்றேன்.
வந்தது ஹர்பிந்தர் ஓட்டும் வண்டி.
மூன்று மாதத்தில் முதல் முறையாக
முழுப் பாரமும் இறக்கி உட்கார்ந்தேன்,
அவன் முதுகுக்குப் பின்னால், ஒரு பயணியாக.

லீவா? உடம்புக்கு என்ன?

பல்வலி என்று சொல்லத்தான்
நாக்கு தயாராக இருந்தது.
சொல்லிவிட்டேன்,
உள்ளதை, உள்ள இடத்தோடு.

சிவப்பு விளக்கு.
கண்ணாடியில் என்னைப் பார்க்காமல்
குரலைத் தாழ்த்தினான்:
எனக்கும்தான், இரண்டு வருஷமா.
யாருக்கும் தெரியாது. அந்த டாக்டர் நம்பர் கொடு.
பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை.
பின்னால் ஹாரன்.

இரவு ஒரு மணிக்கு மரப்பு விட்டது.
முதலில் எறும்பு,
அப்புறம் அடுப்பு.
வெந்நீர்த் தொட்டியில் பல்லைக் கடித்து உட்கார்ந்து
நம்பரை அனுப்பினேன். கூடவே ஒரு வரி:
விழித்துக்கொண்டே செய்யலாம், ராத்திரிதான் கஷ்டம்.

உடனே பதில் வந்தது.
அவனும் தூங்கவில்லை.