ஒரு முழுச் சுற்று

நாற்பது வருஷம் கப்பல் பம்புகளோடு கிடந்தவன் நான்.
ரோசமெல் தொட்டால்
எந்தக் குழாயும் ஒரு இருமல் இருமிவிட்டு ஓடும் என்பார்கள்
புந்தா அரேனாஸ் துறைமுகத்தில்.
அந்தத் திமிரில்தான்
நர்ஸ் யாஸ்னா ஒத்தீலியாவின் வயிற்றைக் காட்டியபோது
தெரிந்தவன் போலத் தலையாட்டி வைத்தேன்.

இடப்பக்க விலாவுக்குக் கீழே
சுண்டுவிரல் நுழையாத துளை.
அதிலிருந்து ஒரு சாண் குழாய்.
தோலின் மேல் வட்டத் தட்டு.
'தட்டுக்கும் தோலுக்கும் நடுவே
ஒரு நாணயம் நுழைய வேண்டும்.
இறுக்கினால் புண். தளர்த்தினால் கசிவு.'
தெரியும். எந்த வாஷரும் அப்படித்தான்.
'தினம் ஒரு தடவை முழுசாய்ச் சுற்றிவிடுங்கள்.
விட்டுவிட்டால் சதை அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்.'
இது தெரியாது.
துரு பிடிக்கும் என்று தெரியும்;
பிரியம் பிடிக்கும் என்று தெரியாது.

காலை ஆறு மணி. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்.
மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன்.
(எங்களுக்குக் குழந்தை இல்லை.
யார் வீட்டிலோ பார்த்த வித்தை.)
முப்பது மில்லி. பிறகு அந்தப் பால்நிறக் கரைசல்.
மறுபடி முப்பது.
மாத்திரைகளைத் தனித்தனியே பொடிக்க வேண்டும்.
ஒருநாள் சோம்பலில் மூன்றையும் சேர்த்துக் குழைத்தேன்.
அடைத்துக்கொண்டது.
வெதுவெதுப்பாய் நீர் விட்டு
இழுத்து, தள்ளி,
இழுத்து, தள்ளி,
முக்கால் மணி நேரம்.
கப்பலென்றால் கம்பி விட்டுக் குத்தியிருப்பேன்.
இங்கே கம்பி கூடாது.
பக்கவாதம் அவளுக்கு விட்டுவைத்த சொற்கள் நான்கு.
அதில் ஒன்று 'முரடன்'.
சுவரைப் பார்த்தபடி அதைச் சொன்னாள்.
அடைப்பு விட்டது.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி
காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
போர்வையைச் சரிசெய்தேன்.
குழாய் என் கையோடு வந்தது.
உள்ளிருந்து பிடித்துக்கொள்ளும் பலூன்
வற்றிய திராட்சையாய் அதன் நுனியில்.
வாராவாரம் அதன் நீரை அளக்கச் சொல்லியிருந்தாள்.
இரண்டு வாரம் நான் அளக்கவில்லை.
எங்காவது இதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

'சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும்.'
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
விழுங்க மறந்த உடம்பு,
எழ மறந்த உடம்பு,
தன்னைத் தைத்துக்கொள்ள மட்டும் மறக்கவில்லை.
என்னைக் கேட்காமல், அவளைக் கேட்காமல்,
அது பாட்டுக்குத் தையலில் இருந்தது.
திட்டுவதா அதை, முத்தமிடுவதா?

போனில் யாஸ்னா, தூக்கக் குரலில்:
'மேசை இழுப்பறையில் மாற்றுக் குழாய்.
அழுத்தாதே. அதுவாய்ப் போகும் வரை போகட்டும்.
டேப் ஒட்டு. ஒரு சொட்டும் ஊற்றாதே. கிளம்பு.'
எஞ்சின் அறையில் நடுங்காத கை.
ஒத்தீலியா என் கையைப் பார்க்காமல்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
போனது.
விடியும்போது ஆஸ்பத்திரியில் புதுசு வைத்து
படமெடுத்துப் பார்த்த பிறகுதான்
மூச்சு விட்டேன். நான்தான். அவள் எப்போதும்போல விட்டுக்கொண்டிருந்தாள்.

வாயால் சாப்பிடாதவளுக்கும் வாயைத் துடைக்க வேண்டும்.
பல், ஈறு, நாக்கு. ஈரப் பஞ்சு.
காலஃபாத்தே பழம் தின்றவர்
இந்த ஊருக்குத் திரும்பி வருவார் என்பார்கள்.
ஊரைவிட்டே போகாதவளுக்கு
அந்த ஜாமில் ஒரு கடுகளவு
உதட்டில், உதட்டில் மட்டும்.
கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் யாஸ்னா வந்தாள்.
தட்டை நகர்த்தினாள், தோலைப் பார்த்தாள்,
ஒரு முழுச் சுற்று சுற்றினாள். நோட்டை எடுத்தாள்.
ஒத்தீலியாவின் ஊதா உதட்டில் பேனா நின்றது.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
'மீசையிலும் இருக்கிறது' என்றாள்.
அதை எழுதவில்லை.