ஏழு தடங்கள்

அவள் வருவது முதலில் திரையில்தான் தெரிந்தது.
இருபத்துநான்காம் கோட்டில் ஒரு சிற்றலை,
பிறகு இருபத்துமூன்றில்,
இருபத்திரண்டில் கொஞ்சம் உயரமாக.
முந்திரித் தோப்பில் ஆளே காணோம்.
“யாரோ நடக்கறாங்க” என்றேன்.
தேசிங்கு சம்மட்டியை ஊன்றிவிட்டுப்
பீடி பற்றவைத்தார்.

காலடி ஓயும்வரை அடிக்கக்கூடாது.
லாரி ஓய வேண்டும்,
குறிஞ்சிப்பாடியில் சரக்கு ரயில் கடந்து
அதன் வால்நடுக்கமும் ஓய வேண்டும்.
அப்புறம் இரும்புத் தகட்டின் மேல் ஓர் அடி.
ஒரே இடத்தில் பத்து.
பத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால்
காற்றும் இலையும் ஆட்டுக் குளம்பும் கழிந்துபோகும்,
கீழே போய்த் திரும்பியது மட்டும் தங்கும்.

காலையில் ஈர்ப்புமானியோடு புறப்பட்ட இடம்
மலையே கண்ணில் படாத முதுகுன்றம்.
அதற்கு மேற்கே பாறை வெயிலில் கிடக்கிறது.
கிழக்கே வர வரத்
தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது.
எண் குறைகிறது.
மேலே செம்மண், கீழே களி, மணல், கரி, மறுபடி மணல்,
ஆறுகள் கோடி வருசமாய்க் கொட்டிவிட்டுப் போனவை.
இந்தத் தோப்பில் நிற்பவர்களைப்
பூமி ஒரு துளி தளர்வாகப் பிடித்திருக்கிறது.
அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

பதினெட்டில் காலடி நின்றது.
பதினேழாம் கோடு துள்ளிச் செத்தது.
பதினாறு.
பதினைந்து.
ஓடிப்போனால்
பூங்காவனம், சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு,
ஜியோபோன்களைக் களை போலப் பிடுங்கி
வேர் மேலாகக் கிடத்திக்கொண்டு போகிறாள்.
பதினொன்றில்தான் நிமிர்ந்தாள்.

“கரிக்கா?”
“இல்லம்மா.”
“வாயுக்கா?”
“நிலம் அதிர்ந்தா இங்க எப்படி ஆடும்னு பாக்கறோம்.
அடியில பிளவு இருக்கான்னு...”
“எல்லாரும் பாக்கத்தான் வரான்.
மொதல்ல ஒயரு, அப்புறம் கல்லு, அப்புறம் நோட்டீசு.
எங்க அண்ணன் நெலம் அப்படித்தான் குழியாச்சி.”

தாம்பாளத்துத் தண்ணீரை உதாரணம் சொன்னேன்.
பாறை ஒரு தடவை உதறிவிட்டு நிற்கும்,
படுகைக்குள் புகுந்த அலைக்கு வெளியேறத் தெரியாது,
விளிம்புக்கு விளிம்பு மோதிக்கொண்டே இருக்கும் என்றேன்.
அவள் என்னையே பார்த்தாள்.

“ரெண்டாயிரத்தொண்ணுல, ராத்திரி,
எரவாணத்து அருவா தானா வுழுந்திச்சி.
எம்புள்ள தலைக்கு ஒரு சாண் தள்ளி
மண்ணுல குத்தி நின்னுச்சி.
நின்னப்புறமும் அதும் புடி
ஆடிக்கினே இருந்திச்சி. எம்மா நேரம்!”

நோட்டில் அதை எழுத ஒரு கட்டமும் இல்லை.
ஓரத்தில் எழுதினேன். அருவாள், கைப்பிடி.

“ஆழம் தெரிஞ்சா
அந்தத் தாளு யாருகிட்ட போவும்?”

எங்கள் ஆபீசுக்கு.
அங்கிருந்து தலைமைக்கு.
அங்கிருந்து
தெரியாது என்றே சொன்னேன்.

“மிச்சத்துல அடிச்சிக்கோ. இந்த ஏழு மரத்தடி வேணாம்.”

“ஹபீபாம்மா, அடிக்கலாமா?”
தேசிங்கு பீடியை மிதித்தார்.
யாரும் சொல்லாமலே பூங்காவனம்
கால் மாற்றாமல் நின்றாள்.
பத்து அடியும் முடியும்வரை
மிச்சமிருந்த பதினேழு தடங்களில்
அவள் இல்லை.

இப்போது புதுச்சேரியில், குளிர்ந்த அறையில்,
வெட்டுப்படம் திரையில் விரிகிறது.
பதினெட்டாம் தடத்தில் ஓர் அடுக்கு மேலே நிற்கிறது.
பத்தாம் தடத்தில் அதே அடுக்கு
ஓர் ஆள் உயரம் இறங்கிக் கிடக்கிறது.
முறிந்த இடம் நடுவில் எங்கோ.
இடைவெளியை நிரப்பவா என்று மென்பொருள் கேட்கிறது.
வழவழப்பாக நிரப்பும். பார்க்க நன்றாகவும் இருக்கும்.

வேண்டாம் என்று அழுத்தினேன்.
வெள்ளையாகவே விட்டு, அடியில்
“நில உரிமையாளர் சம்மதிக்கவில்லை” என்று எழுதினேன்.
நாளைக்கு இதற்குக் கேள்வி வரும்.

இரைச்சல் என்று பெயரிட்ட கோப்பை
இன்னும் அழிக்கவில்லை.
அதில் இருபத்துநான்கு,
இருபத்துமூன்று,
இருபத்திரண்டில் கொஞ்சம் உயரமாக.