பின்னொளி

ராவு பதினொன்றேகாலுக்கு
மருதமுனையிலிருந்து நப்ரீஸின் குரல்:
"மச்சான், புதுக் கார்ட் அறிவிச்சிட்டானுகள்.
இருபத்திநாலு ஜீபி.
விலையைக் கேட்டியெண்டா
ஓட்டோவை வித்துப்போட்டு நடந்துதான் போகணும்."

நான் அழிறப்பரால்
ஒரு பழைய ரேமின் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.
கல்லடிக் கடற்காற்றுக்கு
எந்தத் தலைமுறைச் செம்பும் ஒன்றுதான்.
பச்சை பிடிக்கும்.

"ஆர்ரா இப்ப டீவி பாக்கிற?
அது மௌத்தாகி அஞ்சு வருசம்."
சொன்ன வாய் மூடுமுன்
மெச் எந்தச் சனலில் என்று கேட்கிறான்.

மேசையில் கிடப்பது பேக்கரி யோகராணியின் டீவி.
சத்தம் வரும், படம் வராது.
மூன்று கிழமையாக நாடகத்தைக்
காதாலேயே பார்த்திருக்கிறா.
இடையில் புதிதாக ஒருத்தி வந்தாளாம்,
குடும்பத்தைப் பிரிக்க.

டோர்ச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்தேன்.
கிணற்றடியில் போல
ஒரு மூக்குத்தி அசைந்தது.
அப்போ உள்ளே எல்லாம் நடக்கிறது.
ஆட்கள் அழுகிறார்கள், கதவு சாத்துகிறார்கள்,
யாரோ தேத்தண்ணி ஊற்றுகிறார்கள்.
வெளிச்சம் மட்டும்தான் இல்லை.

போட்டோ எடுத்து நப்ரீஸுக்கு அனுப்பினேன்:
"ஜனாஸாவை நிப்பாட்டு."

மறுநாள் பட்டி மாற்றிப் போட்டேன்.
யோகராணி மாவுக் கையோடு வந்து
திரைக்கு முன்னால் நின்றா.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இவளா தம்பி அவள்?
நான் நினைச்சது வேற முகம்.
சத்தத்தில நல்ல வடிவா இருந்தவள்."

காசை எண்ணி வைத்தா, மேலே ரெண்டு மாலுபாண்.
வாசல்வரை போய்த் திரும்பி,
"மறுகா" என்றா,
"இந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கேலுமா?"